சுமப்பவன் மூச்சுக்கு ஒரு மெட்டு: அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து

கடவுளைப் பாட வந்தவர் எடுத்த எடுப்பிலேயே தம் ஊரையும் தம் பெயரையும் சொல்லுவாரா? சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் சொல்லுகிறார். அவருடைய காவடிச்சிந்தின் முதற்பாட்டு முருகன் பெயரோடு தொடங்கவில்லை, சென்னிகுளத்தின் பெயரோடு தொடங்குகிறது. அந்த ஊரில் குடியிருக்கும் தமிழ் தேர்ந்த அண்ணாமலை பாடிய, உலகம் மெச்சிய இனிய கவியைத் தன் மலைபோன்ற தோளில் மாலையாகச் சூடிக்கொண்டவன் முருகன். கழுகுமலை முருகனுக்கு அவர் தரும் முதல் அறிமுகமே இதுதான். பதிகத்தின் கடைசிப் பாட்டில் பெயரை வைப்பது சம்பந்தர் காலத்து வழக்கம். கீர்த்தனைக்காரர்கள் சரணத்தில் முத்திரை பதிப்பார்கள். இவரோ வாசலிலேயே பெயர்ப்பலகையை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறார்.

இருபத்தாறு வயதில் இறந்துபோன ஒருவருக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. 1865-இல் பிறந்து 1891-இல் மறைந்தார். சென்னிகுளம் இன்றைய தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலுக்கு வடக்கே கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் இருக்கிறது. முகவூர் இராமசாமிக் கவிராயரிடம் பாடம் கேட்டார். அங்கிருந்து திருவாவடுதுறை மடத்துக்குப் போய்ச் சுப்பிரமணிய தேசிகரிடமும் உ.வே.சாமிநாதையரிடமும் பயின்றார். திரும்பி வந்து ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவைப்புலவரானார். வரலாறு என்று எழுதினால் இவ்வளவுதான். இந்தக் குறுகிய வாழ்க்கைக்குள் சங்கரன்கோவில் திரிபந்தாதி, கோமதி அந்தாதி, கருவை மும்மணிக்கோவை, வீரைத் தலபுராணம், நவநீதகிருஷ்ணசாமி பதிகம் என்று வரிசையாகப் பிரபந்தங்களைப் பாடித் தள்ளியிருக்கிறார்.

ஆனால் இன்று அந்தாதிகளைக் கையில் எடுப்பவர் யார்? தமிழாசிரியர்கள்கூட இல்லை. திரிபும் யமகமும் அக்காலப் புலவருக்கு வேலைச் சான்றிதழ் மாதிரி. காட்டினால்தான் அவையில் இடம். அவற்றில் அவருடைய வித்தையைப் பார்க்கலாம், அவரைப் பார்க்க முடியாது. அவரைப் பார்க்க வேண்டுமானால் காவடிச்சிந்துக்குத்தான் போகவேண்டும்.

ஆய்க்குடியில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே அனுமன் நதிக்கரையில் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. கந்தசஷ்டி, தைப்பூசம் என்றால் ஊர் நிரம்பி வழியும். நேர்த்திக்கடனுக்காக ஆற்றுப் படிக்கட்டில் பாயசத்தை ஊற்றிச் சிறுபிள்ளைகளைச் சாப்பிடச் சொல்லும் படிப்பாயச வழக்கம் இந்தக் கோயிலின் தனி அடையாளம். ஆய் அண்டிரனின் ஆய்க்குடி இதுதான் என்பது எங்களுக்கு வழிவழியாக வந்த நம்பிக்கை. வடக்கே இமயமும் தெற்கே ஆய்க்குடியும் இல்லாவிட்டால் உலகம் கவிழ்ந்துவிடும் என்று உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் பாடியதை மேடை கிடைத்தால் சொல்லாத ஆய்க்குடிக்காரர் கிடையாது. இங்கிருந்து சாம்பவர்வடகரை, சுரண்டை வழியாகப் போனால் வீரகேரளம்புதூர். ஊற்றுமலை ஜமீனின் அரண்மனையும் நவநீதகிருஷ்ணன் கோயிலும் அங்கேதான். ரெட்டியார் பாடல்களில் ‘வீரை’ என்று வருவது இந்த ஊர். ஆக, காவடிச்சிந்து எங்களுக்கு எட்டாத தூரத்து இலக்கியம் இல்லை, பஸ் போகிற தூரத்தில் பிறந்த பாட்டு.

இந்த வட்டாரத்துக்குப் பாட்டு புதிதும் இல்லை. தென்காசியை ஒட்டிய மேலகரத்தில்தான் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். அதற்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர். சிந்தும் கண்ணியும் கீர்த்தனையுமாக, படிப்பதற்கல்ல, ஆடுவதற்கும் பாடுவதற்கும் என்றே செய்யப்பட்ட நூல் அது. படித்தவர்கள் மொழியும் தெருவின் தாளமும் கைகோத்துக்கொள்ளும் வழக்கம் குற்றாலச் சாரல் எட்டுகிற ஊர்களில் ரெட்டியாருக்கு முன்னாலேயே ஊறிப்போயிருந்தது. வழிநடைச்சிந்து, நொண்டிச்சிந்து என்று சிந்து பல கிளையாகப் பரவியிருந்த காலம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்திலும் நொண்டிச்சிந்து உண்டு.

ரெட்டியார் செய்தது வேறு காரியம். மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துக் கால்நடையாகப் போனபோது, வழி நெடுகப் பாடுவதற்காகப் பிறந்தவை இந்தப் பாட்டுகள் என்பது வழிவழியாக வரும் செய்தி. பாட்டின் கட்டமைப்பே இதற்குச் சாட்சி சொல்லுகிறது. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

முதற்பாட்டின் ஒவ்வொரு கண்ணியும் ஒரே அச்சில் வார்த்தது. முதலில் ஒரு குட்டை அடி. அது முடிந்ததும் ஒரு சின்னச் சொல் வந்து அடுத்த அடிக்குள் நம்மைத் தள்ளிவிடும். பிறகு முதலடியோடு இயைபில் முடியும் இன்னொரு குட்டை அடி. இந்த இரண்டிலும் மூச்சு நிதானமாக இருக்கிறது. அதன் பிறகுதான் ஓட்டம். ஒரே எடையுள்ள நான்கு சீர்கள், நடுவில் நிற்க இடமே இல்லாமல், ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வருகின்றன. மூச்சு முட்டப்போகிறது என்கிற இடத்தில் ஒரு சொல் சட்டென்று நிற்கிறது. இன்னொரு சின்னச் சொல் வந்து, அதே இயைபில் மறுபடி ஒரு நிறுத்தம். அவ்வளவுதான், கண்ணி முடிந்தது.

காவடி எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். தோளில் வளைந்த மரம், இரண்டு பக்கமும் பால்செம்பு, மேலே மயிற்பீலி. மெதுவாக நடக்கும்போது ஒரு கணக்கு. மேளம் வேகம் பிடித்ததும் கால் தானாக ஆடத் தொடங்கும்போது வேறு கணக்கு. ஆடி முடித்ததும் இரண்டு எட்டு நின்று வைத்து, காவடியைச் சரிசெய்துகொள்வார்கள். நிதானம், ஓட்டம், நறுக்கென்று இரண்டு நிறுத்தம். பாட்டும் இதே வரிசையில்தான் போகிறது. கழுத்து அசையாமல் சுமக்கிற ஒருவன் எந்த இடத்தில் மூச்சை இழுக்க முடியும், எந்த இடத்தில் விட முடியும் என்று தெரிந்த ஒருவர்தான் இப்படிக் கட்டியிருக்க முடியும். உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்த நான்கு சீர் ஓட்டம் எட்டுச் சீராகக்கூட நீண்டிருக்கும். புலவர்களுக்கு நிறுத்தத் தெரியாது.

எதுகை மோனைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கவேண்டும். முதற்பாட்டில் கோயில் வருணனைக் கண்ணியில் கோபுரத்துக்கு எதிரே நூபுரம் நிற்கிறது. முன்பாதியில் எல்லாத் துண்டுகளும் ககரத்தில் தொடங்கினால், பின்பாதியில் எல்லாம் நகரத்தில். அழகுக்கு மட்டும் வந்த அலங்காரம் இல்லை இது. ஏட்டைக் கையில் பிடிக்க முடியாதவன், இரண்டு கையும் காவடித்தண்டில் இருக்கிறவன், அடுத்த துண்டு என்ன என்று மறந்துவிடாமல் இருக்க வேண்டாமா? முதலெழுத்து தெரிந்தால் பாதி வரி தானாக வாய்க்கு வந்துவிடும். புதுவை இரா. திருமுருகன் சிந்துப் பாடல்களின் யாப்பை விரிவாக ஆராய்ந்தவர். வெண்பா, ஆசிரியப்பாவுக்கு உள்ள அசை, சீர்க் கணக்கு சிந்துக்குச் செல்லாது, அதன் அளவுகோல் தாளம் என்பது அவர் ஆய்வின் சாரம். அந்தக் கணக்கை ரெட்டியார் எந்த இலக்கண நூலிலும் படித்திருக்க முடியாது. திருவாவடுதுறையில் அவர் கேட்டது நன்னூல் வகைப் பாடம். தாளம் எங்கள் பக்கத்து நையாண்டி மேளக்காரர்களிடமும் காவடிக்காரர்களிடமும் கேட்டது என்றே நான் நினைக்கிறேன்.

அவருக்கு நேரான முன்னோடி ஒருவர் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதர். சந்தத்தை இவ்வளவு முறுக்கேற்றலாம் என்று காட்டியவர் அவர். ரெட்டியார் அந்தக் கடனை மறைக்கவில்லை. கழுகுமலைக் கோயிலில் அடியார்கள் திருப்புகழ் பாடும் முழக்கம் அமராவதி வரை எட்டித் தேவர்களின் காதை அடைத்து அண்டத்தையே உடைக்கிறதாம். அருணகிரியின் பெயரைச் சொல்லியே இதைப் பாடுகிறார். தன் பெயரை முதலிலும் ஆசானின் பெயரைப் பின்னாலும் வைத்த குறும்பையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. திருப்புகழைத் தாளம் பிசகாமல் பாடத் தேர்ச்சி வேண்டும். காவடிச்சிந்தைப் பாட இரண்டு கால் இருந்தால் போதும்.

அதே முதற்பாட்டின் காட்சிகளைப் பாருங்கள். கோபுரத்தின் தங்கத் தூபி இந்திரன் ஊரையும் தாண்டிக் கண்கூச மின்னுகிறது. ஆடும் பெண்களின் சிலம்பொலி வெடிக்கிறது. முழவோசையைக் கேட்டுத் திசைகளைத் தாங்கும் பாம்புகள் இடி இடிக்கிறதோ என்று பார்க்கின்றன. பாம்புக்கு இடி என்றால் நடுக்கம் என்பது பழைய கவிமரபு. அதை மேளச்சத்தத்தோடு முடிச்சுப் போட்டது ரெட்டியாரின் கை. கடைசியில் கவி வானத்திலிருந்து இறங்கித் தரைக்கு வருகிறார். காவடியைத் தோளில் ஏற்றி, நெருப்பில் பட்ட மெழுகாக உருகி வருகிறவர்கள் நற்கதி காண்பார்கள் என்று முடிக்கிறார். தூபியிலிருந்து தொடங்கிய கண் தோளில் வந்து நிற்கிறது. இத்தனையும் ஒரு பெண்ணை விளித்து, கோயிலின் வளத்தைச் சொல்லுகிறேன் கேள் என்ற பாவனையில் வருகிறது. பக்திப் பாட்டா, காதற்பாட்டா என்று கேட்டால் இரண்டும்தான்.

கழுகுமலைச் சிறப்பைப் பாடி முடித்ததும் நூல் அகத்துறைக்குள் போகிறது. தலைவி ஏங்குகிறாள், பாங்கி பரிந்து பேசுகிறாள், தலைவன் தன் நிலையைச் சொல்லுகிறான். கோவைப் பிரபந்தங்களில் நூற்றுக்கணக்கான கட்டளைக் கலித்துறைகளில் பிசைந்து பிசைந்து சலித்துப்போன அதே துறைகள்தான். சிந்தின் மெட்டில் ஏறியதும் அவற்றுக்கு உயிர் வந்துவிடுகிறது. முருகனின் காதலி குறவள்ளி என்பது இங்கே கைகொடுக்கிறது. மலைக்காரிக்கும் தெய்வத்துக்கும் நடந்த களவுக் காதலைப் பாட, எங்கள் மலையடிவார ஊர்களில் யாரும் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. எல்லாம் சிறப்பு என்று சொல்ல மாட்டேன். பெண்ணின் உறுப்புகளை வரிசையாக உவமை சொல்லி அடுக்கும் இடங்களில் அவைப்புலவர் தலை நீட்டிவிடுகிறார், சந்தம்தான் அவரைக் காப்பாற்றுகிறது. சில பாட்டுகளில் ஓசைக்காகச் சொற்களை நெருக்கியடித்துப் போட்டிருப்பதால் உரை இல்லாமல் பொருள் பிடிபடாது. இருந்தும் பாடும்போது அந்தக் குறை காதில் விழுவதில்லை. நல்ல மெட்டுப் பாட்டின் இலக்கணமே அதுதான்.

ரெட்டியாரின் குரல் எப்படி இருந்திருக்கும்? அதைக் கேட்க நமக்கு வழியில்லை. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை 1877-இலேயே செய்துவிட்டார். ஆனால் கிராமபோன் கம்பெனியின் ஆட்கள் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்தது 1902-இல். அப்போது ரெட்டியார் மறைந்து பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. இங்கிலாந்தில் நிக் டிரேக் என்றொரு பாடகர், தானே எழுதித் தானே மெட்டமைத்துப் பாடியவர், இவரைப் போலவே இருபத்தாறாவது வயதில் 1974-இல் இறந்தார். உயிரோடு இருந்தபோது அவருடைய மூன்று இசைத்தட்டுகளும் சரியாக விலைபோகவில்லை. தட்டு இருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அவரைக் கண்டெடுத்துக் கொண்டாட முடிந்தது. ரெட்டியார் கதை தலைகீழ். வாழ்நாளிலேயே பாட்டு பரவிவிட்டது, குரல்தான் மிஞ்சவில்லை.

ஆனாலும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். அவர் விட்டுப்போன யாப்பே ஒரு பதிவுதான். இராகம் மாறலாம். மேடையில் இன்று காவடிச்சிந்து என்றாலே செஞ்சுருட்டி என்று ஆகிவிட்டது. வேறு இராகங்களிலும் பாடுகிறார்கள். ஆனால் எந்த இராகத்தில் பாடினாலும் எங்கே ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை மாற்ற முடியாது. இயைபு விழும் இடத்தில் நின்றே ஆகவேண்டும். நான்கு சீர் ஓட்டத்தின் நடுவில் நிறுத்தினால் பாட்டு உடைந்துவிடும். மெட்டே தெரியாத ஒருவரிடம் அச்சிட்ட பாட்டைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது கண்ணிக்குள் தொடையில் தாளம் போடத் தொடங்கிவிடுவார். எழுத்தும் மெட்டும் வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்திருந்தால் இந்தப் பிணைப்பு இருந்திருக்காது.

இந்த அச்சைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தூத்துக்குடியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மேடை சிந்தும் தெம்மாங்கும் புரண்ட மேடை. ரெட்டியார் மறைந்தபோது எட்டயபுரத்துச் சுப்பிரமணியத்துக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. கழுகுமலையே எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்த ஊர். பாரதி பின்னால் நாட்டைப் பற்றிய ஆற்றாமையைக் கொட்ட நொண்டிச்சிந்தையும் கிளிக்கண்ணியையும் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளைக்குச் சிந்து காதோடு வந்தது. 1972-இல் வந்த ‘தெய்வம்’ படத்தில் குன்னக்குடி வைத்தியநாதனின் இசையில் பெங்களூர் ரமணியம்மாள் பாடியதைக் கேட்டால், முருகன் பாட்டு என்றால் கால் ஆடவேண்டும் என்ற அந்தப் பழைய தீர்மானம் அப்படியே இருப்பது தெரியும்.

ரசிகன் என்பதற்காக ஒன்றை விட்டுவிடக் கூடாது. ரெட்டியார் பாடிய கழுகுமலைத் தெருக்கள் பூவும் பொன்னுமானவை. அவர் மறைந்து நான்கே ஆண்டுகளில், 1895-இல், பங்குனித் திருவிழாக் காலத்தில், அதே ஊரின் தேர்வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற சாதிச் சச்சரவு கலவரமாகி உயிர்களைப் பலிவாங்கியது. ஜமீனின் மேலாளர் ஒருவரும் அதில் கொல்லப்பட்டார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் எல்லாரும் நுழைய முடிந்ததே 1939-இல்தான். அப்படியானால் 1880-களில் காவடிச்சிந்தைக் காதில் கேட்டவர்களில் எத்தனை பேர் கழுகுமலைக் கோயிலின் கொடிமரத்தருகே போய் நின்றிருக்க முடியும்? ஜமீன் சோற்றில் வளர்ந்த புலவர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நம் காலத்தை அவர் தலையில் கட்டுவதாகும். ஆனால் பாட்டு அவரைவிடத் தாராளமாக நடந்துகொண்டது. கோயிலுக்குள் போகமுடியாதவனுக்கும் தங்கத்தூபியையும் முழவோசையையும் தெருவில் வைத்தே கொடுத்துவிட்டது. அந்தாதிக்கு அரங்கேற்ற மண்டபம் வேண்டும். சிந்துக்குச் சாலை போதும், சாலை எல்லாருக்கும் இருந்தது. முழுக்க எல்லாருக்கும் என்று சொல்ல அந்தக் கழுகுமலைத் தெருவே இடம் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கச்சேரி மேடை அவரை எடுத்துக்கொண்டது நல்லதுதான், இல்லாவிட்டால் பல பாட்டுகள் அச்சிலேயே தூங்கியிருக்கும். ஆனால் துக்கடாப் பகுதியில் முதற்பாட்டின் இரண்டு மூன்று கண்ணிகளை மட்டும் பாடிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போவதில் எனக்கு மனக்குறை உண்டு. காவடி சுமப்பவர்கள் உருகி வரும் அந்தக் கடைசிக் கண்ணியைப் பாடாமல் விட்டால், பாட்டு யாருக்காகப் பிறந்ததோ அவர்களே பாட்டிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள். நடையின் வேகத்தையும் மேடையில் கூட்டிவிடுகிறார்கள். அந்த வேகத்தில் யாரும் காவடி தூக்கி நடக்க முடியாது. மெதுவாக, எட்டுக்கு எட்டு தாளம் விழும்படி பாடினால்தான் அந்த நான்கு சீர் ஓட்டம் ஓட்டமாகத் தெரியும். எல்லாமே ஓட்டமானால் எது ஓட்டம்?

தை பிறந்தால் தென்காசிச் சாலைகளில் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு திருச்செந்தூருக்கு நடக்கும் கூட்டத்தைப் பார்க்கலாம். முன்னால் போகும் வண்டியில் ஒலிபெருக்கி அலறும். டி.எம்.சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன், பித்துக்குளி முருகதாஸ், சினிமா மெட்டில் புதிதாகக் கட்டிய பாட்டுகள் எல்லாம் வரும். இதே மாவட்டத்தில் பிறந்து, இப்படி நடப்பவர்களுக்காகவே பாட்டுக் கட்டியவரின் பாட்டு பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும் யார் பாட்டு என்று யாரும் சொல்லுவதில்லை. ஒலிபெருக்கிக்குப் பொறுப்பானவர்களிடமும் கோயில் விழாக் குழுக்களிடமும் ஒரு வேண்டுகோள்: இந்த வருஷம் காவடிச்சிந்தின் முதற்பாட்டை முழுதாக, கடைசிக் கண்ணி வரைக்கும் போடுங்கள். போடுமுன் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடியது என்று ஒலிவாங்கியில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். பாட்டின் முதல் வரியில் அவரே கேட்டுக்கொண்டதும் அவ்வளவுதான்.